அடியில் துளை போட்ட சத்சுமா பூச்சாடி: கைவேலைதான் என்று எப்படி உறுதி செய்வது?

ஓசாகாவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வேலைக்காக ஓசாகாவுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கியோத்தோவின் தோஜி கோயில் வளாகத்தில் மாதந்தோறும் 21ஆம் தேதி பழம்பொருள் சந்தை கூடும். சென்ற மாதம் அங்கே ஒரு பூச்சாடி வாங்கினேன். ஏறத்தாழ ஓர் அடி உயரம் இருக்கும். தோள் அகன்று கழுத்து குறுகிய வடிவம், பழுத்த தந்தம் போன்ற நிறம், அதன்மேல் சிலந்தி வலையைவிட நுண்ணிய வெடிப்புக் கோடுகள். ஒரு பக்கம் பூத்துத் தொங்கும் விஸ்டீரியாக் கொடியின் கீழ் ஏழு குழந்தைகள் விளையாடுகிறார்கள். மறுபக்கம் பியோனி மலர்களும் சிட்டுக்குருவிகளும். எங்கு பார்த்தாலும் பொன்.

விற்றவர் இது 1868க்கு முந்திய எடோ காலத்துச் சத்சுமா, அதாவது தெற்கு ஜப்பானில் இன்றைய ககோஷிமா பகுதியான சத்சுமாவின் மண்கலம் என்றும் இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது என்றும் உறுதியாகச் சொன்னார். முழுதும் கையால் தீட்டியது என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து கவிழ்த்துப் பார்த்தபோதுதான் அடியின் நடுவில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை இருப்பதைக் கண்டேன். தக்கை வைத்து அடைத்து, மேலே பழைய தாள் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். அந்தத் துளை முத்திரையின் நடுவே போகிறது. மேலே வட்டத்துக்குள் சிலுவை போன்ற குறி தெரிகிறது. வலப்புற வரிசையில் மூன்று எழுத்துகள் முழுதாக உள்ளன. இடப்புற வரிசையில் கடைசி எழுத்து மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இந்த மாதச் சந்தையில் அவரிடம் கேட்டபோது, இது வெளிநாட்டிலிருந்து "சாத்தோகாயெரி" ஆகி வந்த பொருள் என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார். புகுந்த வீட்டுப் பெண் தாய்வீட்டுக்கு வந்து போவதற்கு இங்கே வழங்கும் சொல் அது. கொடுத்த பணத்தைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. என் கையில் இருப்பது என்ன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது உண்மையிலேயே கைவேலையா, எந்தக் காலத்தது? படங்களை இணைத்திருக்கிறேன்.

உருப்பெருக்கி எழுதியது:

நண்பரே, படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் காலத்தைச் சொல்லிவிடலாம். வலப்புறத்தில் உள்ள மூன்று எழுத்துகள் "தாய் நிப்போன்", அதாவது மகா ஜப்பான். பேரரசின் பெயரைச் சாடியின் அடியில் இப்படி எழுதும் பழக்கம் பெரும்பாலும் மெய்ஜி பேரரசரின் காலத்துக்கு, 1868 முதல் 1912 வரையிலான ஆண்டுகளுக்கு, உரியது. எனவே இருநூறு ஆண்டுக் கதையை விட்டுவிடுங்கள். ஆங்கிலத்தில் நாட்டின் பெயர் இல்லை என்பதையும் கவனித்தேன். இறக்குமதிப் பொருள்களில் அவை உருவான நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் விதித்ததால், 1891 முதல் அங்கே போன பொருள்களில் "நிப்பான்" என்ற சொல் ஆங்கில எழுத்தில் வரத் தொடங்கியது. 1921க்குப் பிறகு அது "ஜப்பான்" என்று மாறியது. ஆனால் அந்தச் சொல் இல்லாததாலேயே உங்கள் சாடி 1891க்கு முந்தியது என்று கொள்ள முடியாது. ஐரோப்பாவுக்குப் போனவையும், பெயரைத் தாளில் அச்சிட்டு ஒட்டியவையும் ஏராளம்.

வட்டத்துக்குள் இருக்கும் சிலுவை, சத்சுமாவை ஆண்ட ஷிமாசு குலத்தின் சின்னம். தொடக்கத்தில் அதற்குப் பொருள் இருந்தது. ஏற்றுமதி பெருகிய பின்னர், கியோத்தோவிலும் ஓசாகாவிலும் யோகோஹாமாவிலும் தீட்டியவர்கள் எல்லோரும் அதை எழுதினார்கள். எனவே அந்தச் சின்னம் இப்போது பாணியைத்தான் சொல்கிறது, பிறந்த ஊரைச் சொல்லவில்லை.

மிஞ்சிய கடைசி எழுத்துதான் எனக்கு மிகவும் பிடித்தது. அது "கா" என்று படிக்கப்படும் எழுத்து. தீட்டியது என்று பொருள். அந்த இடத்தில் "செய்" அல்லது "ட்சோ" என்ற எழுத்து இருந்திருந்தால் செய்தது என்று பொருளாகியிருக்கும். சாடியை வனைந்தவர் ஒருவராகவும் தீட்டியவர் வேறொருவராகவும் இருந்த தொழிலில், உங்கள் சாடியில் கையெழுத்திட்டவர் தம்மை ஓவியர் என்றே சொல்லிக்கொண்டார். அவருடைய பெயர் இருந்த இடத்தைத்தான் துளை எடுத்துக்கொண்டுவிட்டது.

துளை வந்த வழியும் தெரிந்ததுதான். மேலைநாட்டு வீடுகளுக்கு மின்விளக்கு வந்த பிறகு, இப்படிப்பட்ட சாடிகளை வாங்கி அடியில் துளையிட்டு, உள்ளே கம்பியை ஓடவிட்டு, மேலே துணிக்குடை வைத்து மேசை விளக்காக மாற்றினார்கள். விளக்காக நின்றவை பல உடையாமல் தப்பின என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி முத்திரை உதவாது. வண்ணத்தைத்தான் பார்க்க வேண்டும். பத்து மடங்கு பெருக்கும் லூப் ஒன்றை வாங்குங்கள். அச்சிட்ட ஒட்டுப்படமாக இருந்தால், நிறம் சிறு சிறு புள்ளிகளாகச் சீராகப் பிரிந்து தெரியும். சாய்ந்த வெளிச்சத்தில் படத்தின் ஓரம் மெல்லிய தோல்போலத் தனியே தெரியும். தூரிகைக் கோடு அப்படி இருக்காது. தொட்ட இடத்தில் தடித்து, இழுத்த இடத்தில் மெலிந்து, எடுத்த இடத்தில் ஊசிமுனையாக முடியும். எனாமல் வண்ணம், கலத்தைப் போர்த்திய கண்ணாடிபோன்ற பூச்சான மெருகின்மேல் மேடாக நிற்பதை நகத்தால் வருடினாலே உணரலாம்.

கரும்பானை எழுதியது:

மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எவருக்கும் வருத்தம் வேண்டாம்.

இந்தச் சாடி கையால் தீட்டியதாகவே இருக்கட்டும். ஆனால் இதைச் சத்சுமா என்று அழைப்பது சரியா? சத்சுமாவில் ஆட்சியாளர் வீட்டுக்கு வெண்ணிறக் கலங்களும், உழவர் வீட்டுக்குக் கரிய கலங்களும் வனையப்பட்டன. கரியவற்றில் இன்றும் ககோஷிமாவில் ஷோச்சூ மதுவைச் சூடாக்கி ஊற்றுகிறார்கள். "குரோஜோக்கா" என்று அந்தக் கூசாவுக்குப் பெயர். பயன்பட்டுத் தேய்ந்து, அடுப்புச் சூடு ஏறிய அந்தக் கலங்களில் மண் பேசும். ஏற்றுமதிச் சாடிகளில் மண்ணே கண்ணுக்குத் தெரிவதில்லை. கட்டைவிரல் அகல இடம்கூட விடாமல் பொன்னைப் பூசியது மேலைநாட்டு வரவேற்பறைக்காக. ஜப்பானியர் தம் தேநீர் அறையில் இப்படி ஒன்றை வைத்ததில்லை.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்க அறிஞர், ஜப்பானில் தங்கி ஆயிரக்கணக்கான கலங்களைச் சேகரித்தவர், அன்றே இதைச் சொன்னார். அவருடைய சேகரிப்பை 1892இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் வாங்கியது. பொன் இழைத்த பெரிய சாடிகளைப் பழைய சத்சுமா என்று விற்பதை அவர் கடுமையாக எதிர்த்தார்.

உருப்பெருக்கி எழுதியது:

ஐயா சொல்வதில் பாதியை முழுமனத்தோடு ஏற்கிறேன். பொன்சரிகை பாணியில் தீட்டிய பெரிய சாடி ஒன்றை 16ஆம் அல்லது 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று எவர் சொன்னாலும் நம்பக்கூடாது. மெருகின்மேல் வண்ணமும் பொன்னும் தீட்டும் நுட்பத்தைச் சத்சுமாக் குயவர்கள் கியோத்தோவிலிருந்து கற்றது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். மோர்ஸ் எதிர்த்த அந்தப் பொய்யின் வாலைத்தான் நம் ஓசாகா நண்பரும் சந்தையில் பிடித்திருக்கிறார்.

மறுபாதியை ஏற்க முடியவில்லை. மோர்ஸுக்கு எதிராக லிவர்பூலில் ஜேம்ஸ் லார்ட் போஸ் என்ற சேகரிப்பாளர் வாதாடினார். ஜப்பானியக் கலைப்பொருள்களுக்கென்றே தம் வீட்டில் அருங்காட்சியகம் ஒன்றை 1890இல் திறந்தவர் அவர். வண்ணம் தீட்டிய கலங்களுக்காக அவர் அச்சில் வரிந்துகட்டிக்கொண்டு நின்றார். காலக்கணிப்பில் மோர்ஸ் பக்கமே நியாயம் இருந்தது. ஆனாலும் தீட்டிய கையை மதிக்க வேண்டும் என்பதில் என் மனம் போஸ் பக்கமே நிற்கிறது.

வாங்குபவர் அயலார் என்பதால் செய்தவரின் கை பொய்யாகிவிடுமா? 1867இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அப்போது ஜப்பானை ஆண்ட ஷோகுன் என்னும் படைத்தலைவரின் அரங்குக்கு அருகிலேயே சத்சுமா தனி அரசுபோல் தன் அரங்கை அமைத்துக் கலங்களைக் காட்டியது. 1871இல் குறுநில ஆட்சிகளை மெய்ஜி அரசு கலைத்தபோது, அதுவரை ஷிமாசு குலத்தின் படியளப்பில் வாழ்ந்த சூளைகள் ஒரே நாளில் ஆதரவற்றுப் போயின. 1873இல் வியன்னா கண்காட்சிக்கு 12ஆம் தலைமுறைச் சத்சுமாக் குயவர் சின் ஜுகான் அனுப்பிய பெரிய சாடிகள் புகழ்பெற்றபோதுதான் அந்தச் சூளைகளுக்கு உயிர் திரும்பியது. ஏற்றுமதி இல்லையென்றால் இன்று ஐயா விரும்பும் கரிய கலத்தை வனையவும் ஆள் இருந்திருக்குமா என்று எனக்கு ஐயம்.

சக்கரம் எழுதியது:

நான் மண்ணில் வேலை செய்பவள். இருபது ஆண்டுகளாகச் சக்கரத்தோடு இருப்பதால், பொருளின் உடம்பைப் பற்றிச் சிறிது எழுதுகிறேன்.

இதைப் பீங்கான் என்று சிலர் எழுதுவார்கள். சத்சுமா பீங்கான் அல்ல. அரித்தாவில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெண்களிக்கல் கிடைத்த பிறகு செய்யப்பட்டு, இமாரித் துறைமுகம் வழியாகக் கப்பலேறியதால் இமாரி என்று பெயர் பெற்றதே பீங்கான். அதைச் சுண்டினால் மணிபோல் ஒலிக்கும். மெல்லிய இடத்தில் ஒளி ஊடுருவும். சத்சுமாவின் உடல் மென்மையானது. சுண்டினால் மந்தமாக ஒலிக்கும். ஒளி புகாது. சாடியின் வாயில் கைப்பேசி விளக்கை வைத்தே இதைச் சோதித்துவிடலாம்.

அந்த மயிரிழை வெடிப்புகளைப் பலர் முதுமையின் அடையாளம் என்று நினைக்கிறார்கள். அவை பிறவியிலேயே வருபவை. சூளையிலிருந்து ஆறும்போது மெருகு, உள்ளிருக்கும் மண்ணைவிடச் சற்று அதிகமாகச் சுருங்குகிறது. இறுக்கமான சட்டை தையலில் விட்டுப்போவதுபோல மெருகு பிளக்கிறது. நல்ல சத்சுமாவில் அந்தப் பிளவு மிக நுண்ணியதாக, வழவழப்பைக் கெடுக்காமல் இருக்கும். வெடிப்புகளுக்குள் கறை எல்லா இடத்திலும் ஒரே அளவாக ஏறியிருந்தால், யாரோ தேநீரிலோ வேறு சாயத்திலோ ஊறவைத்திருக்கிறார்கள் என்று பொருள். உண்மையான வயது, கைபட்ட இடத்திலும் தூசி தங்கும் இடத்திலும் மட்டும் கூடுதலாகத் தெரியும்.

ஒரு சாடி சூளைக்குள் போய் வந்த தடவைகளையும் எண்ணிப் பாருங்கள். பச்சை மண் ஒருமுறை, மெருகு பூசி ஒருமுறை, பிறகு வண்ணங்கள், கடைசியில் குறைந்த வெப்பத்தில் பொன். ஒவ்வொரு தடவையும் முழு உழைப்பும் உடைந்துபோகக்கூடிய ஆபத்து உண்டு. அந்த இடத்தில் நிற்பவர்களுக்கு, வாங்குபவர் பாரிஸ்காரரா கியோத்தோக்காரரா என்ற நினைவு வராது. சூளைக் கதவைத் திறக்கும்போது எனக்கு இன்றும் வயிறு கலங்குகிறது.

ஓசாகாவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி விளக்கை வைத்துப் பார்த்தேன். ஒளி துளியும் வெளியே வரவில்லை. வெடிப்புகளின் கறை கழுத்தின் உட்புறத்திலும் தோள் பகுதியிலும் அதிகமாக இருக்கிறது. நடுவில் ஏறத்தாழ இல்லை.

லூப் வந்துவிட்டது. புள்ளிகள் எங்கும் இல்லை. ஆனால் ஒரு குழப்பம் ஏற்பட்டிருக்கிறது. ஏழு குழந்தைகளில் இருவருடைய முகத்தின் புறக்கோடு ஒன்றுபோலவே இருக்கிறது. காது, கன்னம், மோவாய் எல்லாம் அப்படியே. அளவுகோல் வைத்துப் பார்த்தேன், வேறுபாடு தெரியவில்லை. இது அச்சு என்றுதானே பொருள்? இரவெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உருப்பெருக்கி எழுதியது:

மனம் தளர வேண்டாம். கேள்வி இப்போதுதான் கூர்மையாகியிருக்கிறது.

நீங்கள் வாழும் ஊரிலேயே 1880இல் பட்டறை திறந்த யாபு மெய்சானை எடுத்துக்கொள்வோம். அவர் வாழ்ந்தது 1853 முதல் 1934 வரை. உள்ளங்கையில் அடங்கும் கிண்ணத்தில் நூற்றுக்கணக்கான மனிதர்களும், எண்ணி முடியாத வண்ணத்துப்பூச்சிகளும் வந்து குவிவதைக் கண்டு உலகமே வியந்தது. அந்தப் பட்டறை புறக்கோடுகளைச் செப்புத்தகடுகளில் செதுக்கி வைத்து, அவற்றிலிருந்து கலத்தின்மேல் உருவங்களைப் படியெடுத்தது. அதன் பிறகு வண்ணத்தையும் பொன்னையும் கையால் தீட்டினார்கள். சத்சுமா பாணியில் மிகவும் மதிக்கப்படும் பெயர்களில் ஒன்றான மெய்சானே அச்சுக்கோட்டைப் பயன்படுத்தியிருக்கிறார் என்றால், "முழுதும் கையால்" என்று விற்பனையாளர்கள் சொல்லும் சொல்லை எந்தத் தராசில் வைப்பது?

என் கருத்து இதுதான். எலும்பு அச்சில் வந்ததா என்று பார்ப்பதைவிட, அதன்மேல் சதை வைத்தது யார் என்று பார்க்க வேண்டும். கோடு அச்சானால், எல்லாக் குழந்தைக்கும் ஒரே தடிப்பில், தொடக்கமும் முடிவும் இன்றி ஓடும். கோடு கையானால், அளவு ஒத்திருந்தாலும் அழுத்தம் ஒத்திருக்காது. ஒரே பட்டறையில் ஆண்டுக்கணக்கில் குழந்தை முகங்களையே தீட்டி வந்தவரின் கைக்கு முகம் மனப்பாடமாகிவிடும். நம் ஊரில் பெயர்ப்பலகை எழுதுபவர் "அ" எழுதினால் பத்துப் பலகையிலும் ஒன்றுபோல இருப்பதை நான் சிறுவயதில் நின்று பார்த்திருக்கிறேன். எனவே முகத்தை விடுங்கள். துணிகளைப் பாருங்கள். இரு குழந்தைகளின் சட்டையில் உள்ள பூவேலையை ஒப்பிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கியோத்தோவின் அவாத்தாப் பகுதியில் கின்கோசான் குடும்பம் பெரும் அளவில் ஏற்றுமதி செய்தது. குடும்பத் தலைவர் 6ஆம் சோபெய் தொடங்கிய வேலையை, 1927இல் மறைந்த 7ஆம் சோபெய் விரித்தார். அங்கே ஒரே பட்டறையில் அரண்மனைத் தரத்திலும் வந்தது, கடைத்தெருத் தரத்திலும் வந்தது. ஆகவே முத்திரையில் பெயர் மிஞ்சியிருந்தாலும் கூடத் தீர்ப்பைச் சாடியே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் துளை பெரிய இழப்பு என்று நினைக்காதீர்கள்.

வாய்ப்பு இருந்தால், கியோத்தோவில் சன்னென்சாகா சரிவில் உள்ள கியோமிசு சன்னென்சாகா அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். வெளிநாடுகளுக்குப் போன மெய்ஜிக் கலைப்பொருள்களைத் தேடி மீட்டு வந்து காட்டும் இடம் அது. சாத்தோகாயெரி என்ற சொல்லின் முழு அழகையும் அங்கே காணலாம்.

மாடவிளக்கு எழுதியது:

பொன் மங்கியிருக்கும் இடங்களைப் படத்தில் பார்த்தேன். எங்கள் வீட்டில் பித்தளைச் சாமான்களைப் புளி போட்டு விளக்குவோம். இதற்கும் அப்படி ஏதாவது வழி உண்டா? துளையை அடைத்துவிட்டால் பூ வைக்கலாமா?

சக்கரம் எழுதியது:

அம்மா, தயவுசெய்து புளியை அருகில்கூடக் கொண்டுபோக வேண்டாம். பித்தளை முழுதும் பித்தளை. இங்கே பொன், மெருகின்மேல் மிக மெல்லியதாகப் பூசிக் குறைந்த வெப்பத்தில் சுட்ட தோல் மட்டுமே. ஒவ்வொரு தேய்ப்பிலும் அது போய்க்கொண்டிருக்கும். சோடா மாவு, எலுமிச்சை, பாத்திரம் கழுவும் நார், எதுவும் ஆகாது. மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். பிசுக்கு இருந்தால், காதுக்குச்சிப் பஞ்சைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டு, பொன் இல்லாத மூலையில் முதலில் சோதித்து, பிறகு உருட்டி எடுங்கள். தேய்க்கக் கூடாது. தண்ணீரில் ஊறவைக்கவும் கூடாது. வெடிப்புகள் வழியே நீர் மண்ணுக்குள் இறங்கும். உள்ளே இருக்கும் அழுக்கையும் தன்னோடு இழுத்துச் செல்லும். பிறகு அந்தக் கறையை எடுப்பது மிகக் கடினம்.

அதே காரணத்தால், துளையே இல்லாவிட்டாலும் இதில் தண்ணீர் ஊற்றிப் பூ வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். காய்ந்த கதிர்களை வைக்கலாம்.

பொன்னைப் புதிதாகப் பூசித் தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. நண்பர் அதற்கு இணங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தோளிலும் வாயின் ஓரத்திலும் பொன் தேய்ந்திருப்பது, விளக்கை நகர்த்தியவர்கள் பிடித்த இடம். புதுப்பூச்சு அதை மறைக்கும். முன்பே யாராவது பழுது பார்த்திருக்கிறார்களா என்று அறிய, இருட்டறையில் புறஊதா விளக்கைப் பிடித்துப் பாருங்கள். பழுதுபார்க்கப் பயன்படும் செயற்கைப் பிசின்கள் பெரும்பாலும் சுற்றியுள்ள மெருகிலிருந்து வேறுபட்டு ஒளிரும்.

உருப்பெருக்கி ஐயா சொன்ன துணிகளோடு, கழுத்தைச் சுற்றி ஓடும் வளையப் பட்டையையும் பாருங்கள். வட்டங்கள் ஒன்றோடொன்று பின்னிய அந்த வடிவத்துக்கு "ஷிப்போ" என்று பெயர். பட்டை தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சந்திக்கும் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். ஒட்டுப்படம் என்றால், சந்திக்கும் இடத்தில் ஒரு வட்டம் கத்தரியால் வெட்டியதுபோலப் பாதியில் நிற்கும், அல்லது ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். கை என்றால், சுற்றி வரும்போதே இடம் போதாது என்று கைக்குத் தெரிந்துவிடும். கடைசி மூன்று நான்கு வட்டங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுக்கிக்கொண்டே வரும். திருவிளக்கைச் சுற்றிப் படிக்கோலம் போட்டவர்களுக்கு அந்த ஒடுக்கல் தெரியும்.

கரும்பானை எழுதியது:

உருப்பெருக்கி ஐயாவின் கேள்விக்குப் பதில் எழுத இரண்டு நாள் ஆனது. சின் ஜுகானின் பெயரை அவர் எடுத்ததும் எனக்கு வேறு நினைவுகள் வந்துவிட்டன.

கப்பலில் வேலை பார்த்த நாளில் ககோஷிமாவில் இறங்கி, சின் ஜுகான் குடும்பத்தின் ஊரான மியாமா என்ற சிற்றூருக்குப் போயிருக்கிறேன். பழைய பெயர் நாஎஷிரோகாவா. ஜப்பானின் அன்றைய ஆட்சியாளர் ஹிதெயோஷி 1592 முதல் 1598 வரை கொரியாமீது நடத்திய போரின் முடிவில், ஷிமாசு யோஷிஹிரோ கொரியக் குயவர்களைப் பிடித்துக் கொண்டுவந்து சத்சுமாவில் இறக்கினார். ஏறத்தாழ 80 பேர் என்று சொல்வார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்களை அந்த ஊரில் தனியே வாழ வைத்தார்கள். கொரியப் பெயரும் உடையும் மொழியும் மாறக் கூடாது என்று ஆட்சியே கட்டளையிட்டது. அயல்மொழி தெரிந்தவர்களும் நல்ல குயவர்களும் ஆட்சிக்குத் தேவைப்பட்டார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானும் அமெரிக்காவும் மோதிய பசிபிக் போரின் தொடக்கத்திலும் முடிவிலும் ஜப்பானின் வெளியுறவு அமைச்சராக இருந்த தோகோ ஷிகெனோரி அந்த ஊர்ப் பிள்ளை. 1882இல் அவர் பிறந்தபோது குடும்பப் பெயர் பாக்.

நான் போன அன்று மழை. சாய்வான சூளையின் அருகில் ஒரு மூதாட்டி ஓட்டுச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என் கையில் இரண்டு சில்லுகளை வைத்தார். ஒன்று கரியது, மற்றொன்று தந்தநிறம். உடைந்த விளிம்பில் முன்னதன் மண் இரும்புத் துருப்போல இருந்தது, பின்னது அரிசிமாவுபோல இருந்தது. இரண்டையும் ஒரே ஊர்க் கைகள்தான் வனைந்தன. இவ்வளவு நாளும் கரியதுதான் உண்மையான சத்சுமா என்று பேசிவந்த நான், அந்த வெண்சில்லை அன்று எவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தேன் என்பதை மறந்தே போயிருந்தேன்.

பொன் இன்னும் எனக்கு அதிகமாகத்தான் படுகிறது. அதை மாற்றிக்கொள்ள முடியவில்லை. ஆனால் "இதைச் சத்சுமா என்று அழைப்பது சரியா" என்று நான் எழுதிய வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

உருப்பெருக்கி எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. பொன் அதிகம் என்பதில் உங்களுக்கு யோகோஹாமாவிலேயே துணை உண்டு. மியாகாவா கோசான் 1870களில் பொன்னைக் குவித்துப் புடைப்பாகச் சத்சுமா பாணிச் சாடிகள் செய்தவர். பொன் இப்படியே ஏற்றுமதியானால் நாட்டுக்கு இழப்பு என்று எண்ணி, பொன்னின் இடத்தில் மண்ணையே செதுக்கி உருவங்களை எழுப்பினார். 1881இல் அவர் செய்த கிண்ணத்தின் விளிம்பில் இரண்டு நண்டுகள் உயிரோடு ஏறுவதுபோல இருக்கும். அது இப்போது தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உங்களுக்குக் கட்டாயம் பிடிக்கும்.

ஓசாகாவாசி எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சாடியோடு உட்கார்ந்திருந்தேன். கண்டவற்றை அப்படியே எழுதுகிறேன்.

ஒரே முகம் கொண்ட அந்த இரு குழந்தைகளின் புறக்கோட்டில், ஒருவனுடைய மோவாயில் கோடு தடித்து முடிகிறது. மற்றவனுக்கு அதே இடத்தில் தூரிகை வறண்டு, கோடு இரண்டு இழையாகப் பிரிந்திருக்கிறது. எனவே அச்சு அல்ல. முதலாமவன் சட்டையில் எட்டு இதழ் செவ்வந்திகள் உள்ளன. இரண்டாமவன் சட்டையில் உள்ளவற்றை எண்ணினால் சிலவற்றுக்கு ஏழு இதழ், சிலவற்றுக்கு எட்டு. விஸ்டீரியாக் கொடியின் ஊதா நிறம் ஒவ்வொரு பூவிலும் நுனியில் தேங்கி, அங்கே மட்டும் கறுத்திருக்கிறது. நகத்துக்கு அது கடுகுபோலத் தட்டுப்படுகிறது.

கழுத்துப் பட்டையில் சந்திக்கும் இடம் பின்பக்கத்தில், பியோனிக்கு நேர் மேலே இருக்கிறது. அக்கா சொன்னதைப் படித்திராவிட்டால் ஒருநாளும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். கடைசி ஐந்து வட்டங்கள் ஒவ்வொன்றாக ஒடுங்கி, ஐந்தாவது நெல்மணிபோல நீண்டுவிட்டது. அந்த நெல்மணிக்குள்ளும், மற்ற வட்டங்களில் இருப்பதுபோல, நடுவே ஒரு பொற்புள்ளி வைத்திருக்கிறார். யாரும் பார்க்காத பின்பக்கத்தில், இடம் போதாத இடத்தில், அந்தப் புள்ளியை அவர் விட்டுவிடவில்லை.

புறஊதா விளக்கில் வாயின் ஓரத்தில் ஒரு சிறு ஒட்டு மட்டும் வெளிறிய நீலமாக ஒளிர்ந்தது. மற்றபடி பழுது எதுவும் தெரியவில்லை. தக்கையை எடுத்துவிட்டேன். அதன் உட்புறத்தில் விளக்குக் கம்பியின் பச்சைத் துணியுறையிலிருந்து உதிர்ந்த நூல் ஒன்று ஒட்டியிருந்தது. தாளில் மடித்துச் சாடிக்குள்ளேயே போட்டுவிட்டேன்.

துளையை அடைக்கப் போவதில்லை. இங்கே நிலநடுக்கத்தின் பயம் உண்டு என்பதால், அலுவலகத்தில் உடன் பணிபுரியும் அம்மையார் சொன்னபடி, மெல்லிய துணிப்பையில் மணலைக் கட்டிச் சாடியின் அடியில் இறக்கியிருக்கிறேன். அடிவளையத்துக்குக் கீழே ஒட்டும் பசைத்துண்டுகள் நான்கு. நெல்மணி வட்டம் இருக்கும் பக்கத்தை அறையை நோக்கித் திருப்பி வைத்திருக்கிறேன்.